முன்னால் போனவர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மதுரை கே.கே. நகரில் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன், காலையில் ஷட்டரைத் தூக்கியதில் இருந்து ஊசியும் ரத்தமும்தான் என் பிழைப்பு, மெஷின் என்ன சொல்கிறதோ அதுதான் உண்மை என்று இத்தனை வருஷம் ஓட்டியவன். செத்துப்போன சித்தப்பா கனவில் வந்தார் என்று வீட்டில் யாராவது சொன்னால்கூட ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பேன். அதனால் நான் இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் பாதியிலேயே சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நாங்கள் மூன்று பேர் போனோம். நான், என் தங்கை ஸ்டெல்லாவின் கணவர் சேவியர், அப்புறம் எங்கள் சிநேகிதன் கதிரேசன். சேவியர் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார், அதிர்ந்து பேசாத மனுஷன், சின்ன வயசிலேயே சர்க்கரை வந்துவிட்டது, டீயில்கூடச் சீனி சேர்க்கமாட்டார். கதிரேசன் சமயநல்லூர்க்காரன், விவசாயக் குடும்பம், இப்போது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் மும்பையில் இருந்தவன், எங்களில் அவன் ஒருத்தனுக்குத்தான் இந்தி தெரியும். எனக்கும் சேவியருக்கும் ஒரு வார்த்தை வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் நத்தம் ரோட்டில் வண்டி ஓட்டுவோம், மிஞ்சிப்போனால் சிறுமலை ஏறி இறங்குவோம், அவ்வளவுதான் எங்கள் சாகசம். கதிரேசன்தான் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு, சாகிறதுக்குள்ள ஒரு தடவை இமயமலையில் ஓட்டிப் பார்க்கணும்ணே என்று நச்சரித்தான். காலாண்டு லீவில் போகலாம் என்று முடிவானது. கிளம்புவதற்கு முந்தின வாரம் சேவியரை எங்கள் லேபுக்கு வரச்சொல்லி நானே ரத்தம் எடுத்தேன், டாக்டரிடமும் காட்டினோம், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் தாராளமாகப் போகலாம் என்றார்.

மணாலியில் ஆளுக்கொரு வண்டி வாடகைக்கு எடுத்தோம். அங்கிருந்து மலைமேல் ஒரு கணவாயைத் தாண்டி ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போவதாகத் திட்டம். பெரிய சுரங்கப்பாதை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் ரோடு முடிந்துவிடும், அதற்கப்புறம் கல்லும் மண்ணும் ஓடைத் தண்ணீரும்தான் ரோடு. ஒரு மரம் கிடையாது. சீசன் முடிகிற நேரம், எதிரே வண்டிகூட எப்போதாவது ஒன்றுதான் வந்தது.

தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினோம். கல்லாவில் இருந்த ஆள் எழுந்து வந்து சேவியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சேவியர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அந்த ஆள் முதுகில் தட்டித் தட்டி என்னவோ பேசினான்.

"என்னடா சொல்றான்?" என்று கதிரேசனைக் கேட்டேன்.

"வாத்தியார் போன வருஷம் மழைக்காலத்துல இங்க வந்தாராம்ணே. மறுபடியும் வந்துட்டீங்களேன்னு சந்தோசப்படுறான்."

"நானா? நான் சென்னையவே தாண்டுனதில்லையே கதிரு" என்றார் சேவியர்.

"விடுங்க வாத்தியாரே, நம்மாளுக மூஞ்சியெல்லாம் இவனுகளுக்கு ஒண்ணுபோலத்தான் தெரியும்."

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் போன வருஷம் மழைக்காலத்தில்தான் சேவியர், பள்ளியில் அனுப்புகிறார்கள், சென்னையில் ஆசிரியர் பயிற்சி என்று ஒரு வாரத்துக்கு மேல் போயிருந்தார். அப்போது ஸ்டெல்லா எனக்குப் போன் பண்ணி, "அண்ணே, இவரு போனே எடுக்கமாட்டேங்கிறாரு, அங்க அப்படி என்ன அம்புட்டு வேலை?" என்று அழாத குறையாகக் கேட்டிருந்தாள். நான்தான் சமாதானம் சொன்னேன். இப்போது இந்த மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் இங்கே வந்திருக்கிறார் என்றால் யாரோடு வந்தார், எதற்கு வந்தார்?

அதற்கப்புறம் மலையை நான் பார்க்கவே இல்லை. சேவியருக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு அவர் முதுகையே பார்த்தேன். சிறுமலையில் கொண்டை ஊசி வளைவில் காலை ஊன்றி ஊன்றித் திருப்புகிறவர், இங்கே உருளைக்கல்லில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். எங்கே குழி, எங்கே ஒதுங்கணும் என்று தெரிந்த மாதிரி. கதிரேசன் ரெண்டு தடவை விழுந்தான், நான் ஒரு தடவை. அவர் விழவில்லை. நம்மை ஏமாற்றுகிறாரா இந்த மனுஷன் என்று உள்ளே கொதித்துக்கொண்டே வந்தேன். கூடப் பிறந்தவளின் வாழ்க்கை, பாருங்கள்.

அடுத்து நிறுத்தியது ஆற்றங்கரையில் ஒரு கல்வீட்டில். ஒரு பெண் நடத்துகிறாள், நாற்பது வயசு இருக்கும். அங்கெல்லாம் டீத்தூள், பால், சீனி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். நாங்கள் உட்கார்ந்ததும் எனக்கும் கதிரேசனுக்கும் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. சேவியருக்கு மட்டும் தனியாக ஒரு சட்டியில் போட்டு, தனியாக எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சீனி இல்ல மச்சான்" என்றார். "நான் இன்னும் சொல்லவே இல்லையே."

அந்தப் பெண் புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்துக் கதிரேசனிடம் பேசினாள். கதிரேசன் முகம் மாறியது.

"போன வாரம் இங்க வந்து, மூச்சு முட்டி, ரெண்டு நாள் இந்தக் கட்டில்லதான் படுத்துக் கிடந்தாராம்ணே. இப்பத் தேவலையான்னு கேக்குறா."

போன வாரம்! போன வாரம் சேவியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் எதிரே நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருந்தார்? என் கையால் அல்லவா ஊசி குத்தினேன்? எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்படியென்றால் போன வருஷக் கதையும் பொய்தான், தங்கை பிழைத்தாள். அடுத்த நிமிஷமே கதிரேசன் மேல் கோபம் வந்தது. இந்தி அவனுக்கு மட்டும்தானே தெரியும்? அவர்கள் வேறு என்னவோ சொல்ல இவன் தன் இஷ்டத்துக்குக் கதை கட்டுகிறான் என்று நினைத்தேன். வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"இது உன் வேலைதான கதிரு?"

"எம்பிள்ளைக மேல சத்தியம்ணே. அவ சொன்னதத்தான் சொன்னேன்."

"அவ என்ன சொன்னாளோ, எனக்கென்ன தெரியும்? சீனி போடாம குடுக்கச் சொல்லி நீதான் முன்னாடியே சொல்லிருப்ப."

"நான் உங்களோடதான வந்தேன்? எப்பண்ணே சொன்னேன்?" அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி, இனிமே நான் வாயத் தொறக்கல. வண்டிய விட்டே எறங்கல. நீங்களே பாத்துக்கங்க."

சொன்னபடியே கடைசி ஆளாக, ரொம்பத் தள்ளித்தான் வந்தான். நல்ல வெயில், ஆனால் சூடே இல்லாத வெயில். ஓரிடத்தில் ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடை ஓடியது, இந்தக் கரையில் ரோடு போடுகிற ஆட்கள் ஐந்தாறு பேர் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வெளியூரில் இருந்து கூலிக்கு வந்த கறுத்த ஆட்கள், முகமெல்லாம் நம்மூர் முகம் போலத்தான் இருந்தது. சேவியர் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கியதும் சுத்தியல் சத்தம் நின்றது.

ஒரு ஆள் எழுந்து சேவியரைக் கையால் காட்டினான். அப்புறம் ஓடைக்கு அந்தப் பக்கம் மேலேறுகிற ரோட்டைக் காட்டினான். மறுபடியும் சேவியரைக் காட்டினான். "அபி, அபி" என்றான். அபி என்றால் இப்போது என்று எனக்கே தெரியும், மதுரையில் டைல்ஸ் ஒட்ட வருகிற பையன்கள் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை. நான் அந்தக் கரையைப் பார்த்தேன். தண்ணீரில் இருந்து ஏறிப்போன ஒற்றை டயர்த் தடம், காய்ந்த கல்லின் மேல் ஈரமாகக் கிடந்தது. எங்களை முந்திக்கொண்டு ஒரு வண்டியும் போகவில்லை.

அந்த ஆள் குனிந்து சேவியரின் ஷூவைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். மற்றவர்களும் எழுந்து சேர்ந்து நின்றுகொண்டார்கள்.

கதிரேசன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். "அண்ணே, நான் ஒரு வார்த்தை பேசல, பாத்துக்கங்க" என்றான் மெதுவாக.

சேவியர் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை.

"மச்சான், காலையில இருந்து நீங்க என்னையப் பாக்குற பார்வை எனக்குத் தெரியாம இல்ல. கேக்குறதா இருந்தா நேராக் கேளுங்க. ஸ்டெல்லாவத் தவிர எனக்கு ஒரு வாழ்க்கை இல்ல."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாப்ள, திரும்பிப் போயிருவோம்" என்றேன்.

"திரும்பிப் போயி? காலத்துக்கும் இப்படியே பாப்பீங்க. அவன் யாருன்னு நான் பாத்துட்டுத்தான் வாரேன்."

சொல்லிக்கொண்டே தண்ணீரில் வண்டியை விட்டார். நாங்களும் பின்னாலேயே போனோம், வேறென்ன செய்ய?

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே ஒரு கூடாரக் கடை, அதற்குமேல் ஒன்றும் கிடையாது. ஒரு வயசான பொம்பளை அடுப்புப் பக்கத்தில் இருந்தாள். பெஞ்சின் மேல் எவர்சில்வர் டம்ளரில் பாதி குடித்த டீ, ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் டீ எம்புட்டு நேரம் சூடாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, அந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சீனி இல்லை.

அந்தப் பொம்பளை எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு தலைத்துணியின் முனையை வாயில் வைத்துக்கொண்டாள். வெளியே, மேலே, வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டிச் சத்தம் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டோம்.

சேவியர் ஓடிப்போய் வண்டியில் ஏறினார். நான் சாவியைப் பிடித்தேன், கையைத் தட்டிவிட்டார். "மாப்ள, வேண்டாம், சொன்னாக் கேளுங்க, உங்களுக்கு ஒண்ணுன்னா அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கத்தினேன். கேட்கவில்லை. நானும் கதிரேசனும் கிளம்பப் பார்த்தால், நம்பினால் நம்புங்கள், என் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அதைப் போட்டுவிட்டுக் கதிரேசன் பின்னால் தொத்திக்கொண்டு போனேன். ரெண்டு வளைவு தாண்டுவதற்குள் மேகம் இறங்கி ரோட்டை மூடிவிட்டது, முன் சக்கரம் தெரியவில்லை. ஊர்ந்து ஊர்ந்துதான் போனோம்.

மேலே கணவாயில் கலர் கலராகத் துணிக்கொடி கட்டியிருக்கும் இடத்தில் மேகம் கொஞ்சம் விலகியது. சேவியர் வண்டியை நிறுத்திவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரே வண்டி, ஒரே ஆள். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. மறுபடியும் "மாப்ள!" என்று கத்தினேன். மெதுவாகத் திரும்பினார். சிரித்தார்.

"யாரும் இல்ல மச்சான். குளுருது, வாங்க போவோம்."

அவ்வளவுதான் சொன்னார். அவருடைய கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கிட்டே போகும்போது கல்லில் கால் வழுக்கியது, அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டேன், அப்போது என் கை எஞ்சினில் பட்டது. அந்த ஏற்றத்தை மூச்சுத் திணற ஏறி வந்த எஞ்சின், தொட்டால் கொதிக்க வேண்டும். கல்லைப்போலச் சில்லென்று இருந்தது. காற்று பலமாக அடித்தது, அதனால் இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஸ்பிட்டிக்குப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. வந்த வழியே இறங்கினோம். கூடாரத்தில் என் வண்டியை எடுக்க நின்றபோது அது ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. அந்தப் பொம்பளை வெளியே வந்து கதிரேசனிடம் என்னவோ கேட்டாள், அவன் பதில் சொன்னான், அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கேட்டாள்.

"என்ன கேக்குறா?" என்றேன்.

"ஒண்ணும் இல்லண்ணே. இருட்டுறதுக்குள்ள கீழ போயிருங்கங்குறா."

ஊருக்கு வந்ததும் எங்கள் டாக்டரிடம் பொதுவாகக் கேட்டேன். அந்த உயரத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் மூளை எதையாவது காட்டும், கேட்காததைக் கேட்க வைக்கும் என்றார். நானும் பிடித்துக்கொண்டேன், விவரம் தெரிந்தவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரியா வரும் என்று மட்டும் அவரிடம் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால், மல்லிகை விலை தாறுமாறாக ஏறியிருந்த நேரம், கதிரேசன் போன் பண்ணி மாட்டுத்தாவணிக்கு வரச்சொன்னான். கடையில் கூட்டம், மூட்டை மூட்டையாகப் பூ. அதையெல்லாம் வேலையாளிடம் விட்டுவிட்டு என்னை டீக்கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"ஜெயராஜண்ணே, இனிமே என்னால மனசுல வச்சிருக்க முடியல. அன்னைக்கு அந்தக் கூடாரத்துப் பொம்பள சீக்கிரம் போகச் சொல்லல. வேற கேட்டா."

"என்ன கேட்டா?"

"உங்களோட வந்த மூணாவது ஆள எங்க விட்டீங்கன்னு கேட்டா."

"மூணு பேருந்தானடா வந்தோம்?"

"அதத்தான் நானும் சொன்னேன். இந்தா நிக்கிறாரேன்னு வாத்தியாரக் காட்டுனேன். தலைய ஆட்டிட்டாண்ணே. இவரு உங்களுக்கு முன்னாடியே டீ குடிச்சிட்டுப் போனவரு, இவரத் தெரியும், உங்களோட உள்ள வந்தவரு எங்கன்னா."

எனக்கு அப்போதும் கதிரேசன் மேல் சந்தேகம்தான் வந்தது. இப்போதுகூடப் பாதி இருக்கிறது. அவன் வாய் வழியாக மட்டும் வந்த வார்த்தை, அதைச் சரிபார்க்க எனக்கு மெஷின் இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு, மல்லிகை அந்த விலை விற்கிற நாளில், அவன் கடைக்குத் திரும்பாமல் வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் சேவியரைச் சோதித்துப் பார்த்தேன், ஒளிக்கவில்லை. கல்யாணத்தில் எங்கள் பக்கம் யார் யார் சண்டை போட்டார்கள் என்று பேச்சை எடுத்தேன், எனக்கே மறந்துபோனதைக்கூடச் சொன்னார். சின்ன வயசில் மரத்தில் இருந்து விழுந்த தழும்பு முழங்கையில் இருக்கிறது, நானே பார்த்தேன். பிள்ளைகள் அவர் மேல்தான் ஏறி விளையாடுகின்றன. அந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் கேட்டால், "நல்லா இருந்துச்சு மச்சான்" என்பார், அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

போன ஞாயிறு பூசை முடிந்து தங்கை வீட்டில் சாப்பாடு. சேவியர் அடுப்படியில் ஸ்டெல்லாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், என்னவோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல. கிளம்பும்போது ஸ்டெல்லா கேட் வரைக்கும் வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கேட்டுவிடாமல் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அண்ணே, நீ அவரையே பாத்துக்கிட்டு இருக்குறது எனக்குத் தெரியுது. மலைக்குப் போயிட்டு வந்த புதுசுல நானும் அப்படித்தான் பாத்தேன். இப்பத்தான் எனக்கு நல்லா இருக்கு. ஒண்ணும் கேக்காத, இப்படியே விட்டுரு."

அந்த மலையில் நடந்ததை நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கதிரேசனையும் கேட்டுவிட்டேன், அவனும் சொல்லவில்லை.

கேட்டின் கொண்டியைப் போட்டுவிட்டு அவள் வேகமாக உள்ளே போனாள்.